ஒரு பட்டன் அமத்தினா ஒரே ஒரு அன்டூ: போட்டோஷொப் பிளகின்ல ஏசிங்க் கோட்டையும் ஹிஸ்டரியையும் ஒழுங்காக் கையாளுறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு படம் எடுக்கிற ஸ்ரூடியோக்காரருக்கு சின்னச் சின்ன போட்டோஷொப் பிளகின் எழுதிக் குடுக்கிறது என்ர வேலையில ஒரு பகுதி. அப்பிடி ஒரு ஸ்ரூடியோவுக்கு அல்பம் செய்யிற பிளகின் ஒண்டு எழுதினன். பட்டனை அமத்தினா படத்தின்ர சின்னக் கொப்பி ஒண்டு சேர்வருக்குப் போகும், அங்க இருந்து ஆளைச் சுத்தி வெட்டின மாஸ்க் திரும்பி வரும், பிளகின் அந்த மாஸ்க்கை லேயர்ல போட்டு பின்னால டிசைனை வைச்சு கலரைச் சரிபண்ணி கீழ பிள்ளையின்ர பெயரையும் திகதியையும் எழுதி விடும். என்ர கொம்பியூட்டர்ல பத்துத் தரம் ஓட்டிப் பாத்தன், வடிவா வேலை செய்தது, குடுத்திட்டன்.

ரெண்டு கிழமையால அந்த அண்ணை போன் எடுத்தவர். "தம்பி, உம்மட பட்டனை அமத்தினாப் பிறகு என்ர வேலையைக் காணேல்ல" எண்டார். உடன வெளிக்கிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில இருந்து பாத்தன். ஒரு பிள்ளையின்ர சாமத்திய வீட்டுப் படம், தலையில வைச்ச மல்லிகைச் சரத்தில ஃபிளாஷ் வெளிச்சம் அடிச்சு வெள்ளையாத் தெரிஞ்ச இடங்களை ஹீலிங் பிரஷ்ஷால ஒவ்வொரு பூவாத் திருத்தியிருக்கிறார், நாப்பது நிமிச வேலை. அதுக்குப் பிறகு என்ர பட்டனை அமத்தியிருக்கிறார். பின்னணி பிடிக்கேல்ல, கொன்ட்ரோல் இசட் அடிச்சார். அடிச்சார், அடிச்சார், அடிச்சுக்கொண்டே இருந்தார். ஹிஸ்டரி பனலைத் திறந்து பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் அம்பது வரி, அம்பதும் என்ர பிளகின் போட்டது, அவற்ர பிரஷ் வேலை ஒண்டு கூட அதில இல்லை. ஆக மேல இருக்கிற பழைய வரிக்குப் போனாலும் படம் என்ர பிளகின் பாதி வேலை செய்த நிலையில தான் நிக்குது. பைலை அவர் இடையில சேவ் பண்ணவும் இல்லை.

கணக்கு லேசானது. போட்டோஷொப் வழமையா 50 ஹிஸ்டரி ஸ்டெப் தான் வைச்சிருக்கும், செட்டிங்ஸ்ல 1000 வரைக்கும் கூட்டலாம், ஆனா கூட்டினவை கொஞ்சப்பேர். என்ர பிளகின் ஏழு லேயருக்கு லேயருக்கு ஒன்பது வேலை செய்யுது, ஏழும் ஒன்பதும் பெருக்கினா 63. ஒவ்வொண்டும் ஒரு ஸ்டெப்பாப் பதிய, முதல் இருந்த எல்லாத்தையும் வெளியால தள்ளிட்டுது. 2018 ஒக்டோபர்ல வந்த சீசீ 2019 பதிப்பில இருந்து கொன்ட்ரோல் இசட் அடிக்க அடிக்கப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதுக்கு முந்தி ஒருக்கா அடிச்சா பின்னுக்கு, திருப்பி அடிச்சா முன்னுக்கு, அவ்வளவு தான். இப்ப வேலை செய்யிற ஆக்கள் எல்லாருக்கும் கை தன்ர பாட்டில அதைத் தான் அடிக்கும், அதை நம்பித் தான் துணிஞ்சு ஒண்டைச் செய்து பாப்பினம். அந்த ஹிஸ்டரி படம் திருத்துற ஆளுக்குச் சொந்தமானது. பிளகின் அதில ஒரு வரி எழுதலாம், ஒரு வரி மட்டும்.

இதை எப்பிடிச் செய்யிறது, ஏசிங்க் கோட்டில, அதாவது வேலை முடியும் வரை நிக்காமல் அடுத்த வரிக்குப் போற கோட்டில, இது ஏன் பிழைக்குது எண்டது தான் இந்தப் பதிவு. ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிஞ்ச ஆக்களுக்கு எழுதுறன்.

முந்தி இல்லாத கரைச்சல் இப்ப ஏன்

போட்டோஷொப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதுற பழைய முறையான எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட் காலத்தில ஒரு வரி முடிஞ்சாத் தான் அடுத்த வரி ஓடும். ஸ்கிரிப்ட் ஓடேக்க போட்டோஷொப் அதுக்காகக் காத்துக்கொண்டு நிக்கும், இடையில ஆள் ஒண்டும் செய்ய ஏலாது. ஹிஸ்டரியை ஒண்டாக்கிறதுக்கு டொக்கியுமெண்ட்ல சஸ்பெண்ட்-ஹிஸ்டரி எண்டு ஒரு ஃபங்ஷன், அதுக்கு ஒரு பெயரையும், ஓட வேண்டிய கோட்டை ஒரு ஸ்ட்ரிங்காவும் குடுத்தா வேலை முடிஞ்சுது.

2020 ஒக்டோபர்ல வந்த 22 ஆம் பதிப்போட யூ.எக்ஸ்.பி. எண்ட புது முறையில எழுதுற பிளகின் வந்தது. இதில போட்டோஷொப்பிட்ட ஒரு வேலையைச் சொன்னா அது ஒரு ப்ரொமிஸை, அதாவது பிறகு முடிச்சுத் தாறன் எண்ட வாக்கைத் தான் கையில தரும், வேலை முடிஞ்சுதா இல்லையா எண்டது அவெய்ட் போட்டுக் காத்திருந்தாத் தான் தெரியும். பிளகின் போட்டோஷொப்போட கதைக்கிற ஏ.பி.ஐ.யின்ர ரெண்டாம் பதிப்பில லேயரின்ர பெயர், ஒப்பாசிட்டி மாதிரியான ப்ரொப்பர்ட்டியை வாசிக்கிறதும் மாத்திறதும் உடன நடக்கும், ஆனா மெத்தட் எல்லாம் ப்ரொமிஸ். இந்த ரெண்டும் ஒரே கோட்டுக்குள்ள கலந்து வாறதால தான் அவெய்ட்டை மறக்கிறது இவ்வளவு லேசா இருக்கு.

அதோட டொக்கியுமெண்ட்டை மாத்திற எந்த வேலையையும் எக்ஸிகியூட்-ஆஸ்-மோடல் எண்டதுக்கு உள்ளுக்க தான் செய்யலாம். அதுக்குள்ள நிக்கேக்க போட்டோஷொப் உங்களுக்கு மட்டும் தான் சொந்தம், ஆள் பிரஷ்ஷைப் பிடிக்க ஏலாது, வேற பிளகினும் உள்ள வர ஏலாது. கிணத்தடி மாதிரி நினையுங்கோ, ஒரு ஆள் தண்ணி அள்ளி முடியும் வரை மற்ற ஆள் நிண்டு பாத்துக்கொண்டிருக்க வேணும். அங்க நிண்டுகொண்டு கதை அளக்கக் கூடாது.

வெளியில காத்திருங்கோ, உள்ளுக்க போய் எழுதுங்கோ

என்ர முதல் பதிப்பில நான் விட்ட பெரிய பிழை இது. பட்டனை அமத்தின உடன மோடலுக்குள்ள போய், அங்க இருந்தே சேர்வரைக் கூப்பிட்டு, பதில் வரும் வரைக்கும் உள்ளுக்கயே காத்துக்கொண்டு நிண்டன். என்ர வீட்டு லைன்ல எட்டு செக்கன். ஸ்ரூடியோவில பின்னேரம் எல்லாரும் வீடியோ அப்லோட் பண்ணுற நேரம் ஒரு நிமிசத்துக்குக் கிட்டப் போகும், அந்த நேரம் முழுக்க அண்ணையாலை ஒண்டும் செய்ய ஏலாது, சும்மா ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மோடல் ரெண்டு செக்கனுக்கு மேல நீண்டா போட்டோஷொப் தன்ர பாட்டில ஒரு ப்ரோக்ரஸ் பாரைக் காட்டும், அது வந்து நிண்டுகொண்டே இருந்தா ஆள் எஸ்கேப் அமத்தாமல் வேற என்ன செய்யும்.

இப்ப நான் வேலையை மூண்டு துண்டா வெட்டுறன்.

முதல் துண்டு வாசிக்கிறது. சின்ன மோடல் ஒண்டு திறந்து, இமேஜிங் ஏ.பி.ஐ.யில இருக்கிற கெட்-பிக்ஸல்ஸால படத்தை எடுக்கிறன். அதில டார்கெட்-சைஸ் குடுக்கலாம், எனக்கு 1024 அகலம் போதும் எண்டா அதையே கேக்கலாம். இது முக்கியம், ஏனெண்டா முந்தி நான் டொக்கியுமெண்ட்டை டூப்ளிகேட் பண்ணி, சின்னனாக்கி, ஜேபெக்கா சேவ் பண்ணி, மூடி எண்டு நாலு வேலை செய்தன், ஆளுக்கு முன்னால புது விண்டோ ஒண்டு வந்து மறையும். கெட்-பிக்ஸல்ஸ் டொக்கியுமெண்ட்டைத் தொடாது, ஹிஸ்டரியில ஒரு வரியும் விழாது. எடுத்த இமேஜ் டேட்டாவைப் பாவிச்சு முடிஞ்ச உடன டிஸ்போஸ் பண்ணுங்கோ. 6000க்கு 4000 பிக்ஸல் படம் எண்டா 2 கோடி 40 லட்சம் பிக்ஸல், 8 பிட் ஆர்ஜிபி எண்டா அது 72 எம்பி, நாலைஞ்சை விடாமல் பிடிச்சு வைச்சிருந்தா ஸ்ரூடியோவில இருக்கிற 8 ஜீபி மெஷின் திணறும்.

ரெண்டாம் துண்டு காத்திருக்கிறது, இது முழுக்க மோடலுக்கு வெளியில. சேர்வருக்கு அனுப்புறது, பதில் வாங்கிறது, வந்த சின்ன மாஸ்க்கைப் பெரிய படத்தின்ர அளவுக்கு நீட்டுறது எல்லாம் இங்க தான். இந்த நேரத்தில ஆள் தன்ர வேலையைப் பாக்கலாம். பனல்ல மட்டும் "மாஸ்க் வருது" எண்டு ஒரு வரியும், நிப்பாட்ட ஒரு பட்டனும் இருந்தாப் போதும். நேர எல்லை ஒண்டு கட்டாயம் வையுங்கோ, ப்ரொமிஸ் ரேஸ்ல சேர்வர் கோலையும் ஒரு டைமரையும் சேத்து விட்டு, 40 செக்கனுக்குள்ள பதில் இல்லையெண்டா கைவிட்டிட்டு ஆளுக்குச் சொல்லுங்கோ. கரண்ட் நிண்டு ரவுட்டர் மட்டும் செத்து, கொம்பியூட்டர் யூ.பி.எஸ்.ல ஓடிக்கொண்டிருக்கிறது இஞ்ச புதினமில்லை, அந்த நேரத்தில பதில் வருமெண்டு பிளகின் வாயைத் திறந்துகொண்டு நிக்கக் கூடாது.

மூண்டாம் துண்டு எழுதுறது. எல்லாச் சாமானும் கையில வந்தாப் பிறகு தான் மோடலுக்குள்ள போறது, போன உடன ஹிஸ்டரியை சஸ்பெண்ட் பண்ணி, மாஸ்க்கை, டிசைனை, கலரை, எழுத்தை மடமட எண்டு போட்டு, ஹிஸ்டரியை ரெசியூம் பண்ணி, வெளியில வாறது. அண்ணையின்ர மெஷின்ல இந்தத் துண்டு இப்ப மூண்டு செக்கனுக்குள்ள முடியுது.

சஸ்பெண்டும் ரெசியூமும்

எக்ஸிகியூட்-ஆஸ்-மோடலுக்கு நீங்கள் குடுக்கிற ஃபங்ஷனுக்கு ஒரு கொன்டெக்ஸ்ட் ஒப்ஜெக்ட் வரும். அதுக்குள்ள ஹோஸ்ட்-கொன்ட்ரோல் எண்டு ஒண்டு, அதில தான் சஸ்பெண்ட்-ஹிஸ்டரியும் ரெசியூம்-ஹிஸ்டரியும் இருக்கு. சஸ்பெண்டுக்கு டொக்கியுமெண்ட்டின்ர ஐடியையும் ஒரு பெயரையும் குடுத்து, அவெய்ட் போட்டு, அது திருப்பித் தாற ஐடியை ஒரு வேரியபிள்ல வைச்சிருங்கோ. வேலை முடிஞ்சாப் பிறகு அந்த ஐடியை ரெசியூமுக்குக் குடுத்து அதுக்கும் அவெய்ட் போடுங்கோ. இடையில நடந்த 63 வேலையும் ஹிஸ்டரி பனல்ல ஒரே வரியா விழும். டொக்கியுமெண்ட் ஒப்ஜெக்ட்லயே நேரா ஒரு சஸ்பெண்ட்-ஹிஸ்டரி இருக்கு, அதுக்கு ஸ்ட்ரிங் இல்லாமல் ஃபங்ஷனையே குடுக்கலாம், சின்ன வேலைக்கு அது போதும். இடையில கைவிட வேண்டி வரக்கூடிய வேலை எண்டா ஹோஸ்ட்-கொன்ட்ரோல் வழி தான் நல்லது.

பெயரைச் சும்மா விடாதேங்கோ. ஆள் ஹிஸ்டரி பனல்ல வாசிக்கப் போறது அந்தப் பெயரைத் தான். பிளகின்ர பெயரைப் போட்டா ஒரு பிரயோசனமும் இல்லை, ஒரே பட்டனை ஆறுதரம் அமத்தினவருக்கு ஆறு வரியும் ஒரே மாதிரித் தெரியும். நான் "அல்பம் பின்னணி, டிசைன் 12" எண்டு அந்த டிசைன்ர நம்பரோட போடுறன், எந்த டிசைனுக்குத் திரும்பிப் போக வேணுமெண்டு பாத்த உடன விளங்கும்.

எத்தினை டொக்கியுமெண்ட்டில கை வைக்கிறீங்களோ அத்தினைக்கும் தனித்தனியா சஸ்பெண்ட் பண்ண வேணும், ஏனெண்டா ஹிஸ்டரி டொக்கியுமெண்ட்டுக்கு ஒண்டு. டிசைன் பைலைத் திறந்து லேயரைக் கொப்பி பண்ணி மூடுறீங்களெண்டா, திறந்த அந்த பைலை ரெஜிஸ்டர்-ஓட்டோ-குளோஸ்-டொக்கியுமெண்ட்டில பதிஞ்சு வையுங்கோ. இடையில பிழைச்சாலோ ஆள் கான்சல் பண்ணினாலோ போட்டோஷொப்பே அதைச் சேவ் பண்ணாமல் மூடி விடும். இல்லாட்டி ஆளின்ர ஸ்கிரீன்ல தெரியாத பைல் ஒண்டு திறந்தபடி கிடக்கும், அதை அவர் தெரியாமல் சேவ் பண்ணினாரெண்டா டிசைன் பழுதாப் போகும். திறந்த பைலோட வேலை எல்லாம் சரியா முடிஞ்சா நீங்களே மூடுங்கோ.

அவெய்ட் தப்பினா என்ன நடக்கும்

நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேடின பிழை ஒண்டைக் கிட்டக் காட்டுறன். சஸ்பெண்ட் பண்ணினன், ரெசியூம் பண்ணினன், ரெண்டுக்கும் அவெய்ட் இருக்கு. ஆனாலும் ஹிஸ்டரியில என்ர பெயரோட ஒரு வரி விழ, அதுக்குள்ள தொடக்க வேலை கொஞ்சம் மட்டும் தான் நடந்திருந்தது, மிச்சம் ஒண்டும் நடக்கேல்ல. கொன்சோல்ல பாத்தா, மோடலுக்கு வெளியில நிண்டு டொக்கியுமெண்ட்டை மாத்த ஏலாது எண்டு ஒரே எரர் திரும்பத் திரும்ப.

கோட்ல நான் எழுதியிருந்தது இது தான்: லேயர் லிஸ்ட்டில ஃபோர்-ஈச், அதுக்குள்ள ஏசிங்க் ஃபங்ஷன், அந்த ஃபங்ஷனுக்குள்ள எல்லா வேலைக்கும் அவெய்ட். பாக்க ஒரு குறையும் இல்லை. ஆனா ஃபோர்-ஈச் உள்ளுக்க குடுத்த ஃபங்ஷன் தாற ப்ரொமிஸைத் திரும்பியும் பாக்காது. ஏழு லேயருக்கும் ஏழு வேலையைத் தொடக்கி விட்டிட்டு அது தன்ர வேலை முடிஞ்சுது எண்டு அடுத்த வரிக்குப் போயிடும். அடுத்த வரி ரெசியூம். அதுக்கு அடுத்தது மோடல் முடிவு. கதவைப் பூட்டினாப் பிறகு தான் ஏழுபேரும் சாமானோட வந்து நிக்கினம்.

திருத்தம் ஒரு வரி. ஃபோர்-ஈச்சை எடுத்திட்டு ஃபோர்-ஒஃப் லூப் போடுங்கோ, அது ஒவ்வொரு அவெய்ட்டிலயும் உண்மையாவே நிக்கும். மேப்பும் ப்ரொமிஸ்-ஓலும் சேத்துப் போடலாமே எண்டு கேப்பீங்கள், சேர்வருக்கு நாலு படத்தை ஒரே நேரத்தில அனுப்ப அது நல்லது தான், ஆனா போட்டோஷொப்புக்குக் குடுக்கிற வேலைக்கு வேண்டாம். லேயர் செலக்ட் பண்ணுறது, அதுக்கு மாஸ்க் போடுறது எண்டு ஒண்டில ஒண்டு தங்கியிருக்கிற வேலைகள், ஒழுங்கு மாறினா மாஸ்க் வேற லேயர்ல போய் இருக்கும். கோட்ல பிழை தேடுற எஸ்லின்ட் பாவிக்கிற ஆக்கள் டைப்ஸ்கிரிப்டோட சேத்து, கவனிக்காமல் விட்ட ப்ரொமிஸைப் பிடிக்கிற ரூலை ஒன் பண்ணி வையுங்கோ, நான் அதைப் போட்ட அண்டைக்கே பழைய கோட்ல இன்னும் மூண்டு இடம் சிவப்பாத் தெரிஞ்சுது.

இன்னொரு கள்ளன் பட்டனின்ர கிளிக் ஹேண்ட்லர். ஆள் அவசரத்தில ரெண்டுதரம் அமத்துவார். ரெண்டாவது தரம் மோடலுக்குள்ள போகேக்க முதலாவது அங்க நிண்டா அது தட்டிக் கழிபடும், ஆனா முதலாவது சேர்வர் பதிலுக்காக வெளியில நிண்டா ரெண்டும் ஓடி முடிஞ்சு ரெண்டு பின்னணி விழும். ஹேண்ட்லர் தொடங்கின உடன பட்டனை டிஸேபிள் பண்ணி, பைனலிக்குள்ள திருப்பி எனேபிள் பண்ணுங்கோ. பைனலிக்குள்ள எண்டு சொல்லுறதைக் கவனியுங்கோ, ட்ரைக்குள்ள கடைசி வரியா வைச்சா ஒருக்காப் பிழைச்ச உடன பட்டன் செத்துப்போகும்.

காத்திருந்த நேரத்தில உலகம் மாறியிருக்கும்

வெளியில காத்திருக்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. எட்டு செக்கனுக்குப் பிறகு நீங்கள் திரும்பி வரேக்க ஆள் வேற டொக்கியுமெண்ட்டுக்குப் போயிருப்பார், அல்லது அந்த லேயரை அழிச்சிருப்பார், அல்லது படத்தைக் குரொப் பண்ணியிருப்பார். ஏக்டிவ்-டொக்கியுமெண்ட் எண்டு கோட்ல எழுதியிருந்தா உங்கட மாஸ்க் மாப்பிள்ளை படத்துக்குப் போக வேண்டியது போய் பொம்பிளை படத்தில விழும்.

அதால பட்டன் அமத்தின அந்தக் கணத்தில டொக்கியுமெண்ட் ஐடி, லேயர் ஐடி, அகலம், உயரம் நாலையும் எழுதி வைச்சிருங்கோ. மூண்டாம் துண்டில மோடலுக்குள்ள போன உடன, சஸ்பெண்ட் பண்ண முதல், அந்த ஐடியோட டொக்கியுமெண்ட் இன்னும் திறந்திருக்கா, லேயர் இருக்கா, அளவு அதே தானா எண்டு பாருங்கோ. ஒண்டு பிழைச்சாலும் ஒண்டையும் தொடாமல் வெளியில வந்து பனல்ல ஒரு வரி சொல்லுங்கோ, "படம் மாறிட்டுது, திருப்பி ஒருக்கா அமத்துங்கோ" எண்டு. மோடலுக்கு வெளியில நிண்டு பாத்திட்டு உள்ள போனா அந்த இடைவெளியிலயும் மாறலாம், அதால உள்ளுக்க நிண்டு தான் பாக்க வேணும்.

எஸ்கேப் அமத்தினாலும் பிழை வந்தாலும்

பாதி வேலை நடந்த படம் தான் ஆகக் கெட்டது. பின்னணி வந்திட்டுது, எழுத்து வரேல்ல, கலர் பாதி, எது நடந்தது எது நடக்கேல்ல எண்டு ஆளுக்கும் தெரியாது. எல்லாம் நடக்க வேணும், இல்லாட்டி ஒண்டும் நடந்திருக்கக் கூடாது.

ரெசியூம்-ஹிஸ்டரிக்கு ரெண்டாவது சாமானா ஃபால்ஸ் குடுத்தா சஸ்பெண்ட் பண்ணினதுக்குப் பிறகு செய்த எல்லாத்தையும் போட்டோஷொப் கைவிட்டிட்டு, படத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும். ஏதும் சரியா வரேல்ல எண்டு நீங்களே முடிவெடுத்தா அதைப் பாவியுங்கோ. எக்ஸெப்ஷன் எறிபட்டா அதை அப்பிடியே மோடலுக்கு வெளியில போக விடுங்கோ, திறந்து கிடக்கிற சஸ்பென்ஷனை போட்டோஷொப் தானே கான்சல் பண்ணும். செய்யக் கூடாதது, கட்ச்சுக்குள்ள எரரை விழுங்கிறது. ஆள் எஸ்கேப் அமத்தினா அடுத்த போட்டோஷொப் கோல் எக்ஸெப்ஷன் எறியும், அதை நீங்கள் கட்ச்சில பிடிச்சு கொன்சோல்ல எழுதிட்டு லூப்பைத் தொடர்ந்தா ஆள் நிப்பாட்டச் சொன்னதை நீங்கள் காதில விழுத்தேல்ல எண்டது தான் கதை. கட்ச் போட்டா கடைசியில திருப்பி எறியுங்கோ.

வெறும் ஜாவாஸ்கிரிப்ட் கணக்கு ஓடுற லூப்புக்குள்ள போட்டோஷொப் கோல் ஒண்டும் இல்லாததால அங்க எக்ஸெப்ஷன் வராது. கொன்டெக்ஸ்டில இஸ்-கான்சல்ட் எண்டு ஒண்டிருக்கு, அதை நீங்களே இடைக்கிடை பாக்க வேணும். ரிப்போர்ட்-ப்ரோக்ரஸால எவ்வளவு முடிஞ்சுது எண்டு 0 இல இருந்து 1 வரைக்கும் சொல்லவும் ஏலும். நீளமான வேலைக்கு அதைச் செய்யுங்கோ, ஆள் எஸ்கேப் அமத்துறது பொறுமை இல்லாமல் இல்லை, உறைஞ்சிட்டுதோ எண்டு பயந்து தான்.

போட்டோஷொப்புக்கு நேரா கொம்மாண்ட் அனுப்புற பேட்ச்பிளே எண்ட ஃபங்ஷனைப் பாவிக்கிறவைக்கு ஒரு பொறி இருக்கு. அதுக்குக் குடுத்த கொம்மாண்ட் தோத்தாலும் ப்ரொமிஸ் ரிஜெக்ட் ஆகாமல் வரும். திருப்பி வாற லிஸ்ட்டுக்குள்ள எரர் எண்டு பெயர் போட்ட ஒரு ஒப்ஜெக்ட் இருக்கும், அவ்வளவு தான். நீங்கள் பாக்காட்டி, ட்ரை கட்ச் போட்டிருக்கிறன் எண்ட நம்பிக்கையில பாதிப் படத்தோட ரெசியூம் பண்ணி கொமிட் ஆகிடும். பேட்ச்பிளேயைச் சுத்தி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, திரும்பி வந்ததில எரர் இருந்தா எறியுற மாதிரி வைச்சு, கோட் முழுக்க அதையே கூப்பிடுங்கோ. இதை எழுதினது தான் என்ர பிளகின்ல கனக்கக் குழப்பத்தை ஒரே நாள்ல நிப்பாட்டினது.

ஸ்லைடரும் பழைய பதிலும்

பின்னணி நிறத்துக்கு ஒரு ஸ்லைடர் வைச்சன். ஆள் இழுக்கேக்க இருவது தரம் ஈவென்ட் வரும், ஒவ்வொண்டுக்கும் டொக்கியுமெண்ட்டை மாத்தினா ஹிஸ்டரியில இருவது வரி, திரும்பத் தொடங்கின இடத்துக்கே வந்திடுவம். இழுக்கேக்க ப்ரிவியூவை பனலுக்குள்ள ஒரு சின்னப் படத்தில மட்டும் காட்டுங்கோ, "போடு" எண்டு பட்டனை அமத்தினாத் தான் டொக்கியுமெண்ட்டுக்குப் போக வேணும்.

அந்தச் சின்னப் படத்திலயும் ஒரு கரைச்சல். ஐஞ்சாவது கோல் முதல்ல பதில் சொல்லி, மூண்டாவது பிறகு வந்து அதுக்கு மேல எழுதிடும். இதுக்கு பாங்கில குடுக்கிற நம்பர் துண்டு மாதிரி ஒரு எண்ணிக்கை வையுங்கோ. ஒவ்வொரு கோலுக்கும் ஒண்டு கூட்டி அதை அந்தக் கோலோட வைச்சிருங்கோ, பதில் வந்தா அதின்ர நம்பர் கடைசியாக் குடுத்த நம்பரோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி எறிஞ்சு விடுங்கோ. கடைசி அசைவுக்குப் பிறகு 200 மில்லிசெக்கன் பொறுத்து கோல் எடுத்தா சேர்வருக்கும் ஆறுதல், டேட்டா காசும் மிச்சம்.

கிம்ப், கிறிட்டா பாவிக்கிற ஆக்களுக்கு

இவை ரெண்டும் போட்டோஷொப் மாதிரிப் படத்தில வேலை செய்யிற வேற சொஃப்ட்வெயர். கிம்ப்பில பிளகின் தனி ப்ரோசெஸ்ஸா ஓடும், கிம்ப்புக்குக் குடுக்கிற ஒவ்வொரு கோலும் முடிஞ்சு தான் அடுத்தது, அதால அவெய்ட் கரைச்சல் இல்லை. அன்டூ-குரூப்-ஸ்டார்ட், அன்டூ-குரூப்-எண்ட் ரெண்டுக்கும் நடுவில வேலையை வையுங்கோ, எண்டை பைதன்ல பைனலிக்குள்ள போடுங்கோ. திறந்தபடி விட்டிட்டுப் போனா கிம்ப் தானே மூடிட்டு, உங்கட பிளகின் ஒழுங்கில்லை எண்டு மெசேஜ் காட்டும். அன்டூ-டிஸேபிள் எண்டதை ஆள் திறந்து வைச்ச படத்தில பாவிக்காதேங்கோ, நீங்களா புதுசா உருவாக்கின படத்துக்கு மட்டும். 2025 மார்ச்சில வந்த 3.0 க்கு மாறினவை ஃபங்ஷன் பெயர்களைத் திருப்பிப் பாத்துக்கொள்ளுங்கோ, பைதன் 3 இல கூப்பிடுற விதம் மாறியிருக்கு. கிறிட்டாவில படத்தின்ர வேலை பின்னால தன்ர பாட்டில ஓடிக்கொண்டிருக்கும், ஒரு வேலை குடுத்தாப் பிறகு வெய்ட்-ஃபோர்-டன் கூப்பிடாமல் பிக்ஸலை வாசிச்சா பழைய பிக்ஸல் தான் கிடைக்கும்.

குடுக்க முதல் செய்து பாக்க வேண்டியது

பழுதானாப் பரவாயில்லாத படம் ஒண்டை எடுத்து, கையால மூண்டு பிரஷ் அடியுங்கோ, பிளகினை ஓட்டுங்கோ, ஒருக்கா மட்டும் கொன்ட்ரோல் இசட். மூண்டு பிரஷ்ஷும் அப்பிடியே இருக்க வேணும், லேயர் எண்ணிக்கையும் முந்தின மாதிரி வர வேணும். பிறகு ரீடூ அடிச்சு முழு வேலையும் திரும்பி வருதா எண்டும் பாருங்கோ, கனபேர் இதைப் பாக்கிறேல்ல.

பிறகு ஓடேக்க ரவுட்டர் வயரைக் கழட்டுங்கோ. சேர்வருக்குக் காத்திருக்கேக்க டொக்கியுமெண்ட்டை மூடுங்கோ. எழுதுற துண்டு நடக்கேக்க எஸ்கேப் அமத்துங்கோ, மூண்டு செக்கனுக்குள்ள அமத்த ஏலாட்டி நடுவில ஒரு டிலே போட்டு நீட்டிட்டு அமத்துங்கோ. கடைசியா, வேற பிளகின் ஒண்டு மோடலுக்குள்ள நிக்கேக்க உங்கட பட்டனை அமத்திப் பாருங்கோ. எக்ஸிகியூட்-ஆஸ்-மோடல் 9 ஆம் நம்பர் எரரோட திரும்பி வரும், அதுக்கு "போட்டோஷொப் வேற வேலையில நிக்குது, கொஞ்சத்தால அமத்துங்கோ" எண்டு பனல்ல எழுதுங்கோ. வந்த மாஸ்க்கை எறிஞ்சு விடாதேங்கோ, மெமரியில வைச்சிருந்தா திருப்பி அமத்தேக்க அளவு மாறாமல் இருந்தா சேர்வருக்குப் போகாமலே போடலாம்.

அண்ணையின்ர மெஷின்ல ஹிஸ்டரி எண்ணிக்கையை 50 இல இருந்து கூட்டி விடவோ எண்டு யோசிச்சன், கூட்டேல்ல. போட்டோஷொப் தற்காலிகமா எழுதி வைக்கிற ஸ்க்ராச் டிஸ்க்கில ஏற்கெனவே இடம் குறைவு, அதோட இப்ப கூட்டத் தேவையும் இல்லை. அந்த மல்லிகைச் சரத்தை அவர் திருப்பி இருந்து திருத்தினவர், நான் பக்கத்தில இருந்து பிளகின்ர புதுப் பதிப்பை அதே படத்தில தான் முதல்ல ஓட்டிப் பாத்தன். அமத்த முதல் அவர் சேவ் பண்ணினவர்.